ஒரே வயது, வேறு வேறு முதுமை



ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆலய வாசலில் நிற்கும் நம் முதியவர்களை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். எழுபத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவர் பாடகர் குழுவில் பாடிவிட்டு, மிதிவண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறார். அதே ஆண்டில் பிறந்து, அதே பள்ளியில் அவரோடு படித்த இன்னொருவர், மகனின் தோளைப் பிடித்தபடி, தாம் எங்கே நிற்கிறோம் என்பதே தெரியாமல் விழிக்கிறார். இருவருக்கும் ஒரே வயது. ஆனால் முதுமை ஒன்றல்ல. ஏன் இப்படி?

இந்தக் கேள்விக்கு விடை தேடிய அறிவியலாளர் ஒருவர், நமக்கு நன்கு அறிமுகமான ஓர் இடத்திற்குத்தான் சென்றார். அது ஒரு கன்னியர் மடம். 1986இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் ஸ்நோடன் என்னும் ஆய்வாளர், மங்கேட்டோ நகரிலிருந்த நோட்டர் டேம் பள்ளிச் சகோதரிகள் சபையின் மடத்தில் தம் ஆய்வைத் தொடங்கினார். பின்னர் அச்சபையின் பல மடங்களிலிருந்து 75 வயதைக் கடந்த 678 சகோதரிகள் இதில் இணைந்தார்கள். ஆண்டுதோறும் நினைவாற்றல் சோதனைக்கு உட்படவும், இறந்த பிறகு தங்கள் மூளையை ஆய்வுக்குக் கொடுக்கவும் அத்தனை பேரும் சம்மதித்தார்கள். வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் கற்பித்தவர்கள், இறந்த பின்னும் கற்பிக்கச் சம்மதித்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்நோடன் ஏன் கன்னியரைத் தேர்ந்தெடுத்தார்? எல்லோரும் ஒரே மேசையில் உண்டவர்கள், ஒரே மணியோசைக்கு எழுந்தவர்கள், புகைபிடிக்காதவர்கள், பிள்ளை பெறாதவர்கள், ஏறக்குறைய ஒரே வேலை, ஒரே வருமானம், ஒரே மருத்துவ வசதி. வாழ்க்கைமுறை இத்தனை ஒன்றாயிருந்தும் முதுமை வேறுபட்டால், அந்த வேறுபாட்டின் காரணத்தைத் தேடுவது எளிதல்லவா?

முதுமை வேறுபடத்தான் செய்தது. 101 வயதுவரை வாழ்ந்த சகோதரி ஒருவர் இறுதிவரை சோதனைகளில் நல்ல மதிப்பெண் பெற்றுவந்தார். இறந்த பிறகு அவரது மூளையைப் பார்த்தால், அல்சைமர் நோயின் படிவுகள் அதில் நிறையவே இருந்தன. மூளையில் நோய் இருந்தது, வாழ்வில் அது தென்படவில்லை. சபையில் சேர்ந்த காலத்தில், ஏறத்தாழ 22 வயதில், தங்கள் கைப்பட எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகளில் கருத்துச் செறிவு குறைவாயிருந்த சகோதரிகளிடம் அறுபது ஆண்டுகளுக்குப் பின் அல்சைமர் நோய் அதிகம் காணப்பட்டது என்பதும் 1996இல் வெளிவந்தது. உலகமே வியந்த ஆய்வு இது.

ஆனால் இந்த ஆய்வின் பலம் எதுவோ அதுவே அதன் எல்லையும் ஆகும். இச்சகோதரிகள் ஏறக்குறைய அனைவரும் ஐரோப்பிய வழிவந்த, படித்த, அமெரிக்கப் பெண்கள். அவர்களின் முதுமையைப் பற்றி நாம் அறிந்தது, வயலில் நாற்று நட்டு முதுகு வளைந்த பெண்ணுக்கும், கடலில் வலை இழுத்த ஆணுக்கும் பொருந்துமா? இன்று முதுமையை ஆராயும் அறிவியலுக்கு முன் நிற்கும் பெரிய கேள்வி இதுதான். இதற்கு விடை காண்பதற்கு முன் இரண்டு சொற்களை நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

முதல் சொல், மரபணு. அது நமக்குப் புதிதல்ல. தோட்டத்துப் பட்டாணிச் செடிகளைக் கொண்டு மரபியலுக்கு அடித்தளமிட்டவரே பிர்னோ நகரத்து அகுஸ்தினார் சபைத் துறவி கிரகோர் மெண்டல்தான். 1865இல் அவர் தம் முடிவுகளை வாசித்தபோது அதன் அருமை யாருக்கும் விளங்கவில்லை. அவர் இறந்து 16 ஆண்டுகள் கழித்துத்தான் உலகம் விழித்துக்கொண்டது.

நீண்ட ஆயுள் மரபணுவால் வருவது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். "அவங்க குடும்பமே தொண்ணூறு தாண்டின குடும்பம்" என்று பேசுவோம். 1870 முதல் 1900 வரை டென்மார்க்கில் பிறந்த இரட்டையர்களின் ஆயுளை ஒப்பிட்டு 1996இல் வெளியிட்ட கணக்கு வேறு விதமாகச் சொன்னது. ஒருவருக்கொருவர் ஆயுள் வேறுபடுவதில் ஏறக்குறைய கால் பங்குதான் மரபணுவால் விளைவது. விபத்து, தொற்றுநோய் போன்ற புறக்காரணச் சாவுகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இந்தப் பங்கு கூடும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அப்படிக் கூட்டினாலும் மிச்சம் நிறையவே இருக்கிறது.

அந்த மிச்சத்தை விளக்கவே இரண்டாவது சொல் வருகிறது. அதுதான் எபிஜெனடிக்ஸ். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். நம் ஆலயத்தில் வாசக மேடைமீது இருக்கும் வாசக நூலை நினைத்துக்கொள்ளுங்கள். நூல் முழுவதும் எழுத்து இருக்கிறது. ஆனால் எந்த நாடா எந்தப் பக்கத்தில் கிடக்கிறதோ அந்தப் பக்கம்தான் இன்று வாசிக்கப்படும். நாடாவை மாற்றினால் எழுத்து மாறுவதில்லை, வாசிக்கப்படுவது மாறுகிறது. நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் மரபணு நூல் ஒன்றே. ஆனால் அதன்மீது மெத்தில் என்னும் சின்னஞ்சிறு வேதிக்குறிகள் ஒட்டிக்கொள்கின்றன. குறி ஒட்டிய இடத்தில் மரபணு பெரும்பாலும் அடங்கிப்போகிறது, குறி நீங்கினால் பேசத் தொடங்குகிறது. உணவு, பட்டினி, புகை, தொற்று, மனக்கலக்கம் ஆகிய யாவும் இந்தக் குறிகளை இடம் மாற்றக்கூடியவை.

இந்தக் குறிகள் வயதோடு ஒரு ஒழுங்கில் மாறுகின்றன என்பதைக் கண்டவர்களுள் ஒருவர் கலிபோர்னியாவின் ஸ்டீவ் ஹார்வத். 2013இல் அவர் வெளியிட்ட முறைப்படி, மரபணு நூலில் 353 இடங்களின் குறிகளை மட்டும் படித்து, அந்த மனிதரின் வயதைச் சொல்லிவிடலாம். பாதிக்குப் பாதி மாதிரிகளில் தவறு 3.6 ஆண்டுக்கும் குறைவு. இரத்தமானாலும் சரி, கல்லீரலானாலும் சரி, கடிகாரம் ஒன்றே. அதே ஆண்டில் ஹன்னம் என்பவரின் குழு இரத்தத்திற்கென்று 71 இடங்கள் கொண்ட மற்றொரு கடிகாரத்தை வெளியிட்டது.

கடிகாரம் சொல்லும் வயதும் பிறந்தநாள் சொல்லும் வயதும் ஒத்துப்போகாதவர்கள்தாம் நமக்கு முக்கியம். நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அவர்கள் 45 வயதை எட்டியபோது கணக்கிட்டால், நாட்காட்டியில் ஓராண்டு ஓடும் நேரத்தில் சிலருடைய உடல் 0.4 ஆண்டு மட்டுமே முதுமையடைந்தது, சிலருடையது 2.4 ஆண்டு. ஒரே ஊர், ஒரே வயது!

பட்டினி இந்தக் குறிகளில் எத்தனை காலம் தங்கும் தெரியுமா? இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலம். 1944-45. நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் நாசிப் படைகள் தடுத்துவிட்டன. ஒரு நாளைக்கு ஒருவருக்குக் கிடைத்த பங்கீடு 400 முதல் 800 கலோரி வரைதான். டுயூலிப் மலர்க் கிழங்குகளைக்கூட மக்கள் வேகவைத்துத் தின்றார்கள். சுமார் 20,000 பேர் மாண்டார்கள். அந்தப் பஞ்சத்தின் நடுவே கருவானவர்களை அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்து, பஞ்சத்தைக் காணாத அவர்களுடைய உடன்பிறப்புகளோடு ஒப்பிட்டார்கள். வளர்ச்சியோடு தொடர்புடைய ஐ.ஜி.எப்.2 என்ற மரபணுவின் மீது மெத்தில் குறிகள் குறைந்திருந்தன. இது 2008இல் வெளியானது. 2024இல் வெளியான மற்றோர் ஆய்வு, தாய் வயிற்றிலிருந்தபோது பஞ்சத்தைச் சந்தித்தவர்கள் மற்றவர்களைவிட வேகமாக முதுமையடைகிறார்கள் என்று டனீடன் முறைக் கடிகாரத்தைக் கொண்டு காட்டியது. தாய் பசியோடு படுத்த இரவுகள் பிள்ளையின் உடலில் அறுபது ஆண்டு தங்கியிருந்தன. கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஒரு வேளை நல்ல சோறு கிடைப்பது எத்தனை பெரிய காரியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இப்போது நாம் விட்ட கேள்விக்குத் திரும்புவோம். இந்தக் கடிகாரங்களும் மரபணுக் கணக்குகளும் யாரை வைத்து அமைக்கப்பட்டவை?

நோய்களோடு தொடர்புடைய மரபணுக்களைத் தேடும் ஆய்வுகளில் பங்கேற்றவர்களை 2009இல் எண்ணிப் பார்த்தபோது 96 விழுக்காட்டினர் ஐரோப்பிய வழிவந்தவர்கள். 2016இல் மீண்டும் எண்ணினார்கள். 81 விழுக்காடு. கூடிய மற்றவர்களிலும் பெரும்பாலோர் கிழக்கு ஆசியர்கள். ஆப்பிரிக்கரும், இலத்தீன் அமெரிக்கரும், பூர்வகுடிகளும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான். இதன் விளைவு ஏட்டோடு நிற்பதில்லை. ஐரோப்பியரைக் கொண்டு அமைத்த மரபணுக் கணிப்புகளைத் தெற்காசியருக்குப் பயன்படுத்தினால் துல்லியம் 37 விழுக்காடு குறைகிறது என்றும், ஆப்பிரிக்கருக்கு 78 விழுக்காடு குறைகிறது என்றும் 2019இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். தராசு நல்லதுதான். ஆனால் அது வேறு சந்தைக்கு முத்திரையிட்ட தராசு.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே பார்ப்போம், ஏனெனில் இதில்தான் விஷயம் அடங்கியிருக்கிறது. அப்போஇ என்று ஒரு மரபணு உண்டு. உடலில் கொழுப்பைச் சுமந்து செல்லும் புரதத்தை அது உருவாக்குகிறது. அதற்கு 2, 3, 4 என்று மூன்று வடிவங்கள். பெரும்பாலோரிடம் இருப்பது மூன்றாம் வடிவம். நான்காம் வடிவம் இருந்தால் அல்சைமர் நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக நான்காம் வடிவம் இரண்டையும் பெற்றவர்களுக்கு இன்னும் அதிகம். எவ்வளவு அதிகம்? 1997இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது கிடைத்த விடை: வெள்ளையரிடையே ஏறத்தாழ 15 மடங்கு, ஜப்பானியரிடையே 33 மடங்கு, ஆப்பிரிக்க அமெரிக்கரிடையே 6 மடங்குக்கும் சற்றுக் குறைவு. மரபணு ஒன்றே, எழுத்தும் ஒன்றே. விளைவு மட்டும் மக்களுக்கு மக்கள் மாறுகிறது.

நைஜீரியாவின் இபாதான் நகரத்தில் வாழும் யொரூபா முதியவர்களையும், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்தில் வாழும் ஆப்பிரிக்க அமெரிக்க முதியவர்களையும் ஒரே அளவுகோலால் ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். 2001இல் முடிவு வெளிவந்தது. மறதிநோய் புதிதாகப் பிடிப்பவர்கள் ஆண்டுக்கு இபாதானில் நூற்றுக்கு 1.35 பேர், இண்டியானாபொலிசில் 3.24 பேர். அடிமைக் கப்பல்களில் ஏற்றிச் செல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்கும், மேற்கு ஆப்பிரிக்காவிலேயே தங்கிவிட்டவர்களின் வழித்தோன்றல்களுக்கும் மூதாதையர் பெரும்பாலும் பொது. நான்காம் வடிவமோ யொரூபா மக்களிடம் ஐரோப்பியரைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. அப்படியிருந்தும் நோய் பாதிக்கும் குறைவு.

நம் நாட்டில் அரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் இதேபோன்று ஓர் ஆய்வு நடந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவோடு ஒப்பிட்ட அந்த ஆய்வில், கிராமத்து முதியவர்களிடம் நான்காம் வடிவம் குறைவாகவே இருந்தது. ஆனால் இருந்தவர்களிடம் அது இழைத்த தீமை அமெரிக்கரிடம் கண்ட அளவுக்கு ஒத்ததாகவே இருந்தது. ஆகவே "அயல்நாட்டுக் கணக்கு நமக்குப் பொருந்தாது" என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் விந்தையான செய்தி பொலிவியாவின் அமேசான் காட்டிலிருந்து வந்தது. அங்கே திசிமானே என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். வாழையும் மரவள்ளியும் நெல்லும் பயிரிட்டு, மீன் பிடித்து, வேட்டையாடி வாழ்பவர்கள். முதியவர்களைப் படகிலும் வண்டியிலுமாக டிரினிடாட் நகரத்திற்கு அழைத்துவந்து 705 பேருக்கு இருதய ஸ்கேன் எடுத்தார்கள். நூற்றுக்கு 85 பேரின் இருதயக் குழாய்களில் சுண்ணாம்புப் படிவு அறவே இல்லை. அதுவரை ஆராயப்பட்ட எந்த மக்களிடமும் காணாத தூய்மை அது என்று 2017இல் எழுதினார்கள். ஹார்வத்தின் கடிகாரம், திசிமானே மக்களின் இரத்தத்தை வெள்ளையரின் இரத்தத்தைவிட நான்கு ஆண்டு இளமையாகக் காட்டியிருந்தது. ஆனால் இவர்களுக்குக் குடற்புழுக்களும் தொற்றுகளும் ஏராளம். அப்போஇ நான்காம் வடிவம் இங்கே என்ன செய்கிறது? ஒட்டுண்ணித் தொல்லை மிகுந்தவர்களில் நான்காம் வடிவம் உடையவர்களின் அறிவுத்திறன், அது இல்லாதவர்களைவிடக் கெட்டுப்போகாமல் நன்றாகவே இருந்தது! மினசோட்டாவிலும் டோக்கியோவிலும் பகைவனாக நிற்கும் மரபணு, புழுக்கள் நிறைந்த காட்டில் காவலனாக நிற்கிறது. மனிதகுலம் மிக நீண்ட காலம் புழுக்களோடுதான் வாழ்ந்தது என்பதை நினைத்தால், இந்த வடிவம் அழியாமல் நிலைத்திருப்பதன் காரணம் ஓரளவு விளங்குகிறது. நூறு பல்கலைக்கழக மருத்துவமனைகளில் தேடியிருந்தாலும் இந்த உண்மை கிடைத்திருக்காது.

நீண்ட ஆயுளுக்குப் பெயர்போன ஊர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானின் ஒகினாவா தீவு, கோஸ்டா ரிக்காவின் நிக்கோயா தீபகற்பம் என்று பட்டியலிட்டு, அவர்கள் உண்ணும் கிழங்கையும் அவரையையும் விளம்பரம் செய்பவர்கள் உண்டு. ஒகினாவாவில் இருப்பது நல்ல மரபணு என்றால் அது நிலைத்திருக்க வேண்டும் அல்லவா? 2000ஆம் ஆண்டுக் கணக்கில் ஒகினாவா ஆண்களின் ஆயுள், ஜப்பானின் 47 மாகாணங்களில் 26ஆம் இடத்திற்குச் சரிந்தது. அமெரிக்க இராணுவ முகாம்களைச் சுற்றி வளர்ந்த தலைமுறை, மோட்டார் வண்டியும் கொழுப்பு உணவுமாக வளர்ந்த தலைமுறை அது. நிக்கோயாவிலும் அதே கதைதான். 1930க்குப் பின் பிறந்தவர்களிடம் அந்தச் சிறப்பு மறைந்துவருகிறது என்று, அவ்வூரின் நீண்ட ஆயுளை உலகுக்கு எடுத்துச்சொன்ன அறிஞர் ரொசேரோ பிக்ஸ்பியே 2023இல் எழுதினார். ஒரு தலைமுறையில் மரபணு மாறிவிடாது. நாடா மாறிவிடும்.

வயதுக் கணக்கிலேயே பிழை இருந்தால் என்ன செய்வது என்றும் கேட்கலாம். நியாயமான ஐயம். 2010இல் ஜப்பான் அரசு தன் குடும்பப் பதிவேடுகளைச் சரிபார்த்தபோது, நூறு வயதைக் கடந்தவர்களாக ஏட்டில் இருந்த 2,30,000க்கும் மேற்பட்டோர் எங்கே என்றே தெரியவில்லை. பலர் எப்போதோ இறந்துபோனவர்கள். இந்த இடத்தில் நம் திரு அவைக்கு ஒரு சிறு பெருமை உண்டு. கனடாவின் கியூபெக் பகுதியில் 1621 முதல் பங்குத்தந்தையர் எழுதிவைத்த திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகளைக் கொண்டுதான் மொன்றியால் பல்கலைக்கழகம் அம்மக்களின் வம்ச வரலாற்றைத் திரட்டியது. மரபியல் அறிஞர்களுக்கு அது ஒரு புதையல்.

மறக்கப்பட்ட மக்களைக் கணக்கில் சேர்த்தால் யாருக்கு நன்மை? அவர்களுக்கு மட்டுமல்ல. கொலம்பியாவின் அந்தியோக்கியா மலைப்பகுதியில், நாற்பத்து நான்கு, நாற்பத்தைந்து வயதிலேயே நினைவு தடுமாறத் தொடங்கும் குடும்பங்கள் உண்டு. சாதாரண உழவர்கள். சூனியம் என்றும் சாபம் என்றும் ஊரார் பேசிக்கொண்டார்கள். பிரான்சிஸ்கோ லொப்பேரா என்னும் மருத்துவர் 1980களில் தொடங்கி, வீடு வீடாகச் சென்றும், பங்குப் பதிவேடுகளைப் புரட்டியும், ஏறத்தாழ 6,000 பேர் கொண்ட அந்தப் பெரும் குடும்பத்தின் கிளைகளை வரைந்தார். 2024இல் இறக்கும்வரை அவர் அவர்களைக் கைவிடவில்லை. அந்தக் குடும்பத்தில் ஒரு பெண்மணி. நோய் தரும் மரபணு மாற்றம் அவரிடமும் இருந்தது. ஆயினும் எழுபது வயதைக் கடந்த பிறகே அவருக்கு மறதி எட்டிப்பார்த்தது. அப்போஇ மரபணுவில் 'கிறைஸ்ட்சர்ச்' என்னும் மிக அரிய மாற்றம் இரண்டு பிரதிகளாக அவரிடம் இருந்தது என்று 2019இல் கண்டார்கள். ஒரே ஒரு பிரதி இருந்தாலும் நோய் சுமார் ஐந்து ஆண்டு தள்ளிப்போகிறது என்பது அதே குடும்பத்தின் 27 பேரைக் கொண்டு 2024இல் தெரியவந்தது. அந்தக் காப்பை மருந்தாக்க முடியுமா என்று இன்று பல ஆய்வகங்கள் முயன்றுகொண்டிருக்கின்றன.

மருந்தாகவே ஆகிவிட்ட கதையும் உண்டு. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஹெலன் ஹாப்ஸ், ஜோனதன் கோஹன் என்னும் இருவர் ஆப்பிரிக்க அமெரிக்கரையும் தங்கள் ஆய்வில் போதிய அளவில் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணு செயலிழந்திருந்தது. கெட்ட கொலஸ்ட்ரால் அவர்களுக்குப் பிறவியிலேயே குறைவு. அப்படிப்பட்டவர்களுக்கு இருதயக்குழாய் நோய் 88 விழுக்காடு குறைவு என்று 2006இல் வெளியானது. அந்த மரபணுவின் வேலையைத் தடுக்கும் ஊசிமருந்துகள் 2015 முதல் அனுமதி பெற்று, இன்று எல்லா இனத்தாருக்கும் பயன்படுகின்றன. வெள்ளையரை மட்டுமே ஆராய்ந்திருந்தால் இந்தக் கதவு திறக்க இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ!

நம் பக்கம் என்ன நிலை? 2009இல் வந்த ஒரு கண்டுபிடிப்பை நாம் அறிந்திருக்க வேண்டும். அதில் முதன்மைப் பங்காற்றியவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெருந்துறை தண்டபாணி. இருதயத் தசைக்கான ஒரு புரதத்தின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதை, நம் நாட்டினரில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேரிடம் அக்குழு கண்டது. ஐரோப்பியரிடம் இது இல்லை என்றே சொல்லலாம். இளமையில் ஒன்றும் தெரியாது. நடுவயதைத் தாண்டும்போது இருதயம் தளரும் அபாயம் தலைகாட்டுகிறது. பிள்ளை பெற்று முடித்த பிறகே கேடு செய்வதால்தான் இது தலைமுறை தலைமுறையாகத் தப்பிப் பிழைத்திருக்கிறது. இது இருக்கும் எல்லோரும் நோயாளிகள் அல்லர். கூடவே வேறொரு மாற்றமும் சேர்ந்தால்தான் கேடு பெரிது என்று பின்னர் வந்த ஆய்வுகள் கூறுகின்றன. ஆகவே யாரும் அஞ்ச வேண்டாம். ஆனால் ஐரோப்பிய முதியவர்களை மட்டும் இன்னும் ஆயிரம் ஆண்டு ஆராய்ந்தாலும் இது கண்ணில் பட்டிருக்காது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

2017-18இல் மும்பையின் பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 45 வயதைக் கடந்த 72,000க்கும் மேற்பட்ட இந்தியரைச் சந்தித்து முதுமை பற்றிய பேராய்வைத் தொடங்கியது. அவர்களில் அறுபது வயதைக் கடந்த 4,096 பேரிடம் மறதிநோய்க்கான சோதனைகள் நடத்தப்பட்டன. எழுத்தறியாதவரிடம் "உலகம் என்ற சொல்லைத் திருப்பி எழுதுங்கள்" என்று கேட்க முடியுமா? சோதனைகளையே நம் மக்களுக்கு ஏற்ப மாற்றவேண்டியிருந்தது. அறுபதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 இலட்சம் பேருக்கு மறதிநோய் இருக்கலாம் என்பது கணக்கு. பெண்களிடம் அதிகம், படிப்பு வாய்க்காதவர்களிடம் அதிகம், கிராமத்தில் அதிகம். அவர்களில் 2,762 பேரின் மரபணு நூல் முழுவதும் படிக்கப்பட்டுவிட்டது. இதுபோக, ஜீனோம் இந்தியா திட்டம் 83 மக்கள் பிரிவுகளைச் சேர்ந்த ஏறத்தாழ பத்தாயிரம் பேரின் மரபணு விவரங்களை 2025 சனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. நூற்று நாற்பது கோடிப் பேருக்கு இது சிறு தொடக்கம்தான்.

சேர்த்துக்கொள்வதிலும் ஒரு முறை உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவசுபாய் பழங்குடியினர் நீரிழிவு நோய் ஆய்வுக்கென்று 1990களில் இரத்தம் கொடுத்தார்கள். அதே இரத்தத்தை அவர்களிடம் சொல்லாமல் வேறு ஆய்வுகளுக்கும் பயன்படுத்தியது தெரியவந்தபோது வழக்குத் தொடுத்தார்கள். 2010இல் பல்கலைக்கழகம் இழப்பீடு கொடுத்து, மிஞ்சிய இரத்தத்தையும் திருப்பித் தந்தது. ஆகவே நம் வீட்டு முதியவரிடம் ஆய்வுக்கு இரத்தம் கேட்டு எவரேனும் வந்தால், எதற்கு, எங்கே வைப்பீர்கள், முடிவை எங்களுக்குச் சொல்வீர்களா என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கேட்டுத் தெளிந்து, மனமிருந்தால் கொடுக்கலாம்.

"எச்சிலை அனுப்புங்கள், உங்கள் உண்மையான வயதைச் சொல்கிறோம்" என்று விற்கப்படும் சோதனைகள் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அந்தக் கடிகாரங்கள் எந்த மக்களைக் கொண்டு முடுக்கப்பட்டவை என்று இதுவரை பார்த்தோம். ஒரு கூட்டத்தையும் மற்றொரு கூட்டத்தையும் ஒப்பிட அவை பயன்படும். தனி ஒருவருக்கு அவை தரும் எண்ணை நம்பிப் பணத்தைச் செலவிடுவதைவிட, அந்தப் பணத்தில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஒழுங்காகச் சோதித்துக்கொள்வது மேல் என்பதே என் எண்ணம்.

ஒன்று மட்டும் நம் பங்குகளிலேயே இன்றே செய்யக்கூடியது. முதுமை பற்றிய எந்த ஆய்வுக்கும் முதல் தேவை சரியான பிறந்த தேதி. கணக்கெடுப்பவர்கள் வீட்டுக்கு வந்து, "பாட்டி, தனுஷ்கோடிப் புயல் அடிச்சப்போ உங்களுக்கு என்ன வயசு? கல்யாணம் ஆயிருந்ததா?" என்று கேட்டு 1964லிருந்து பின்னோக்கி எண்ணவேண்டிய நிலைதான் நம் முதியவர்கள் பலருக்கு. தேதி தெரியாததால் ஆதார் அட்டையில் சனவரி 1 என்று பதிவான தாத்தாக்களும் பாட்டிகளும் எத்தனையோ பேர். ஆனால் குழந்தையிலேயே திருமுழுக்குப் பெற்றவர்களின் உண்மையான நாள், ஆலயத்தின் பழைய பதிவேட்டில், அன்றைய பங்குத்தந்தையின் கையெழுத்தில், பல இடங்களில் இலத்தீனிலேயே, பத்திரமாக இருக்கிறது. செல்லரிக்கும் முன் அதைத் தேடி எடுத்து, ஒரு நகல் எழுதி, வீட்டில் மருத்துவச் சீட்டுகள் இருக்கும் பையில் வையுங்கள்.